முப்பதுக்கு முப்பது

ஜூன் 11, புதன்

அப்பா கொடுத்தனுப்பிய டைரி இது. ராசிபுரத்தில் ஒரு நிதி நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு ஓசியில் தருவது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திதி, நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் அச்சடித்திருக்கிறது. டிசம்பர் கடைசியில் பெட்டிக்குள் வைத்தது, இன்றைக்குத்தான் வெளியே வந்திருக்கிறது. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால்தான் எனக்கு மற்ற வேலையெல்லாம் ஞாபகத்துக்கு வரும். காலையிலிருந்து ஷூ கழுவியாயிற்று, ஜன்னல் துடைத்தாயிற்று, ஒரு கிலோ உளுந்தில் கல் பொறுக்கியாயிற்று. அந்த உளுந்தில் கல்லே இல்லை.

பெயர் கோகிலவாணி. வயது இருபத்தைந்து. பி.இ. சிவில் முடித்து, சேலத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் மூன்று வருடம் மணல் லாரி எண்ணிவிட்டு, இத்தாலியில் பலெர்மோ என்கிற ஊருக்கு நீர்வளப் பொறியியல் மேற்படிப்பு படிக்க வந்திருக்கிறேன். ஐரோப்பாவில் எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகிற நாடுகள் சிலதான். இங்கே குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள். அப்பாவின் வருமானச் சான்றிதழைப் பார்த்துவிட்டு அநேகமாக ஒன்றுமே கேட்கவில்லை. அதோடு மண்டல அரசின் உதவித்தொகையும் உண்டு. வாடகையும் சாப்பாடும் அதில்தான் ஓடுகிறது.

அந்த உதவித்தொகைக்கு ஒரு நிபந்தனை. முதல் வருடம் ஆகஸ்ட் பத்தாம் தேதிக்குள் இருபது கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும். சேராவிட்டால் இரண்டாம் வருடத்துக்குக் கிடையாது, வாங்கியதையும் திருப்பித் தரவேண்டும். அதாவது பெட்டியைக் கட்ட வேண்டும். பிப்ரவரியில் ஒரு பாடம் தேறியதில் ஆறு. நேற்று இன்னொன்று தேறினேன், அதில் ஆறு. அடுத்த செவ்வாய் நீரியல், அதற்கு ஒன்பது. மொத்தம் இருபத்தொன்று. கணக்கு சரியாக இருக்கிறது.

நேற்று மார்க் எவ்வளவு என்று அப்பா போனில் கேட்டார். நல்ல மார்க் என்றேன். போன தடவை மாதிரியா என்றார். ஆமாம் என்றேன். இதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

அப்பாவுக்கு ராசிபுரம் தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்றிதழ், பட்டா, மார்க் ஷீட் என்று ஊரின் காகிதமெல்லாம் அவர் கையால்தான் நகலாகும். கடையில் அவருக்கென்று ஒரு சட்டம் உண்டு. அசலுக்குத்தான் லேமினேஷன். நகலைக் கொண்டுவந்து லேமினேஷன் போடச் சொன்னால், "இதுக்கு எதுக்குங்க, வீண் செலவு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். வருகிற வியாபாரத்தை விரட்டுகிற ஒரே கடைக்காரர் அவர்தான் என்று அம்மா திட்டுவாள்.

இன்றைக்கு அம்மா கடையில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினாள். புது விசிறி மாட்டியிருக்கிறார்களாம், அதைக் காட்ட. விசிறிக்குப் பின்னால் கண்ணாடியில் பிப்ரவரியில் அப்பா ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. "எம் மகள் ப. கோகிலவாணி, பி.இ., இத்தாலி பல்கலைக்கழகத்தில் 30/30." நான்கு மூலையிலும் செலோடேப். மஞ்சளாகத் தொடங்கிவிட்டது.

படத்தை மூடிவிட்டுப் படிக்கப் போனேன்.

என் படிப்பெல்லாம் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் முளைத்தது. விடியற்காலை நாலரை மணிக்கு மணி அடிப்பார்கள். திங்கட்கிழமை பிரேயரில் வாரத் தேர்வு மார்க்கை மைக்கில் வாசிப்பார்கள். இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனவர்கள் எழுந்து நிற்க வேண்டும். பிரேயர் முடியும்வரை நிற்க வேண்டும். நான் இரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் நின்றேன், நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு. அன்றைக்குப் பார்த்துப் பெற்றோர் தினம். சரி, அதை விடு.

ஜூன் 16, திங்கள்

நாளைக்குப் பரீட்சை. வீட்டுக்காரர் மகள் சுகிர்தா ஒரு தட்டில் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பல்லாரோ சந்தைக்குப் பின்னால் இருக்கிற இவர்கள் வீட்டில்தான் ஒரு அறையில் குடியிருக்கிறேன். இவர்கள் பூர்வீகம் யாழ்ப்பாணம். தாய் தகப்பன் முப்பது வருடத்துக்கு முன்னால் இந்த ஊருக்கு வந்தவர்கள். சுகிர்தா இங்கேயே பிறந்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள், ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பில் இருக்கிறாள். நான் பேசுகிற தமிழைக் கேட்டால் அவளுக்குச் சிரிப்பு. அவள் தமிழைக் கேட்டால் எனக்கு முதல் இரண்டு மாதம் பாதி புரியவில்லை. இப்போது நானே சில சமயம் ஆமாம் என்பதற்கு "ஓம்" என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே பெரும்பாலான பரீட்சை வாய்மொழிதான். அறைக் கதவு திறந்தே இருக்கும். பேராசிரியர் முன்னால் நாம் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும், பின்னால் மற்ற மாணவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிற கூட்டம் மாதிரி. முப்பதுக்கு மார்க், பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி.

ஒன்பது அத்தியாயமும் தலைகீழாகச் சொல்வேன். வரையறை ஒன்றுகூடத் தவறாது.

ஜூன் 17, செவ்வாய்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பேராசிரியர் ஸ்பதாரோ ஒல்லியான மனிதர், அறுபது வயது இருக்கும், கேள்வியைக் கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஆற்றில் வெள்ளம் எப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டார். நான் வரையறை சொன்னேன். அது ஏன் என்று கேட்டார். நான் இன்னும் கொஞ்சம் வேகமாக அதே வரையறையைச் சொன்னேன். சூத்திரங்கள் கேட்டார், பலகையில் எழுதினேன், தவறில்லை. மறுபடி ஏன் என்றார். மறுபடி எழுதினேன். அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்து, "இருபத்து மூன்று. ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்றார்.

இது இந்த நாட்டு வழக்கம். மார்க் பிடிக்கவில்லை என்றால் மாணவர் வேண்டாம் என்று சொல்லலாம். அவர்கள் எழுதிக்கொள்ள மாட்டார்கள், வேறொரு நாள் வந்து மறுபடி உட்காரலாம். நம் ஊர் வாத்தியாரிடம் போய் நீங்கள் போட்ட மார்க் எனக்கு வேண்டாம் என்று சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இருபத்து மூன்று என்றால் நூற்றுக்கு எழுபத்தாறு. பின்னால் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். காது சூடாகிவிட்டது. இல்லை, ஏற்கவில்லை என்றேன். நிச்சயமாகவா என்று இரண்டு முறை கேட்டார். நிச்சயமாக என்றேன். ஜூலை மூன்றாம் தேதி மறுபடி பரீட்சை இருக்கிறது. எனக்குத் தெரிந்ததற்கு இருபத்து மூன்று நியாயமான மார்க் இல்லை, அதனால்தான் மறுத்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஜூன் 18, புதன்

துணி துவைத்தேன். காயவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஜூலை மூன்றாம் தேதிக்குப் பெயர் பதியப் போனால் இணையதளம் மறுக்கிறது. பேராசிரியருக்கு மெயில் போட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. தன் பாடத்தில் தோற்றவர்களும் மார்க்கை மறுத்தவர்களும் அடுத்த தேதியைத் தாண்டித்தான் வரவேண்டும், முதல் நாளிலிருந்தே பாடத்தின் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று.

போய்ப் பார்த்தேன். எழுதித்தான் இருக்கிறது. பக்கத்தின் அடியில், நான் உருட்டியே பார்க்காத இடத்தில்.

இனி ஜூலை இருபத்து நான்கு. அதைவிட்டால் செப்டம்பர். நடுவில் ஆகஸ்ட் பத்து வருகிறது. மற்ற இரண்டு பாடங்களுக்கு ஆய்வக அறிக்கை முடிந்தால்தான் உட்கார விடுவார்கள், அதுவும் செப்டம்பர்தான். ஆக, கையில் இருப்பது பன்னிரண்டு கிரெடிட், வரவேண்டியது எட்டு, இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு.

உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா.

ஜூன் 20, வெள்ளி

சுகிர்தாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சமையலறையில் நான் வெங்காயம் உரிக்காமலே அழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு விசரோ? மனுசன் இருபத்திமூண்டு தாறன் எண்டு சொல்ல, வேண்டாம் எண்டு போட்டு வாறியள். நான் படிச்ச மூண்டு வருசமும் பதினெட்டும் பத்தொன்பதுமாத்தான் எடுத்தனான். ஒருத்தரும் என்னை வீட்டைவிட்டுக் கலைக்கேல்லை."

உங்களுக்கு இந்த ஊர்க் குடியுரிமை இருக்கிறது, நீங்கள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றேன். கோபத்தில் சொன்னது. அவள் அடுப்பை அணைத்தாள். பிறகு மெதுவாகத்தான் சொன்னாள். "உங்களுக்குப் படிப்புத் தேவையில்லை. ஆக்களுக்குக் காட்ட ஒரு நம்பர்தான் தேவை."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்குப் படிப்பு தேவையில்லையாம். நாலரை மணி மணியோசைக்கு எழுந்தவள் நான். இவளுக்கு என்ன தெரியும்?

ஜூன் 24, செவ்வாய்

நீரியல் என்னாயிற்று என்று அப்பா கேட்டார். தள்ளிப் போட்டுவிட்டார்கள் என்றேன். யார் தள்ளிப் போட்டது என்று அவர் கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

முப்பத்தெட்டு டிகிரி. பால் திரிந்துவிட்டது. சுகிர்தாவும் நானும் இரண்டு வாரமாக "குளிச்சாச்சா", "கேஸ் மூடியாச்சா" என்ற அளவில்தான் பேசிக்கொள்கிறோம். ஏழாம் அத்தியாயம் மறுபடி மனப்பாடம்.

ஜூலை 9, புதன்

அம்மா டைரியைப் பார்த்திருக்கிறாள். அங்கேயும் இதே டைரி ஒன்று இருக்கிறது. ஜூலை இருபத்து நான்கு ஆடி அமாவாசை, நிறைஞ்ச நாள், நல்லாத்தான் நடக்கும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பரீட்சை எத்தனை மணிக்கு என்றாள். இங்கே காலை பத்து என்றேன். கணக்குப் போட்டாள். இங்கே பத்து என்றால் அங்கே ஒன்றரை. வியாழக்கிழமை ஒன்றரை முதல் மூன்று வரை ராகு காலம்.

ராகுவுக்கு இத்தாலி விசா கிடையாதும்மா என்றேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும். கால் வலிக்கிறது, ஆனாலும் எழுத வேண்டும்.

நாளைக்கு இந்த ஊரின் காவல் தெய்வமான புனித ரொசாலியாவுக்குத் திருவிழா. அவள் கோயில் ஊருக்கு வெளியே ஒரு மலைமேல், குகைக்குள் இருக்கிறது. இங்கிருக்கிற யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலைக்கு நடந்து ஏறுகிறார்கள். கிறிஸ்தவர், சைவக்காரர் என்ற பேதமெல்லாம் இல்லை. பழனிக்குப் போகிற மாதிரி சிலர் செருப்பில்லாமலும் போகிறார்கள். விடியும்போதே சுகிர்தா கதவைத் தட்டி, "நடக்க வாறியளோ?" என்றாள். மூன்று வாரத்தில் அவளாக வந்து கேட்ட முதல் கேள்வி. கையில் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பாதி மலையில் நோட்டைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே ஏறியதில் ஒரு கல்லில் இடறி விழப் பார்த்தேன். அவள் நோட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அப்படி என்னதான் இருக்கிறது, தமிழில் சொல்லுங்கள் பார்ப்போம் என்றாள். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, எனக்கு இத்தாலியம் வராது. சொன்னேன். மழைக்குப் பிறகு ஆற்றில் நீர் ஏறி, உச்சத்துக்குப் போய், இறங்கும் என்றேன்.

"மழை விட்டாப்பிறகும் ஏன் வெள்ளம் கூடுது?"

நான் வாயைத் திறந்தேன். ஆங்கில வரையறை முழுசாக நாக்கு நுனியில் நின்றது. தமிழில் ஒரு சொல்லும் வரவில்லை. ஸ்பதாரோ ஏன், ஏன் என்று கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் புரிந்தது. எனக்குத் தெரியாது. ஒன்பது அத்தியாயமும் தலைகீழாகத் தெரியும், இது தெரியாது.

நோட்டைத் திருப்பிக் கேட்காமல் மேலே ஏறினேன். பூசை முடிந்து இறங்கும்போது படிகளின் கீழே கோயில் வாசலில் நெரிசல். வாசலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எப்போதோ போய்விட்டார்கள். மேலே குகைக்குள் இருந்தவர்கள் இப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். பூசை முடிந்து அரை மணிக்குப் பிறகுதான் வாசலில் கூட்டம் அதிகம். நான் சுகிர்தாவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். இதுதான், மழை நின்றாலும் தூரத்தில் விழுந்த தண்ணீர் இன்னும் வந்துகொண்டே இருக்கும், எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வரும்போதுதான் வெள்ளம் என்றேன். அவள் கூட்டத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இதை அண்டைக்கே அந்த மனுசனிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றாள்.

திரும்பும் வழியில் ஒரு சுவரில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். அங்கேதான் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, இந்த டைரியில்கூட எழுதாததை. பிப்ரவரியில் நான் எடுத்தது முப்பது இல்லை. இருபத்து நான்கு. அப்பா கேட்டபோது முப்பது என்று வாயில் வந்துவிட்டது. மறுநாள் அவர் கண்ணாடியில் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு எடுத்தது இருபத்தைந்து, அதற்கும் ஆமாம் போட்டேன். பரீட்சை அறையில் இருபத்து மூன்று என்று கேட்டவுடன் எனக்கு ஸ்பதாரோ தெரியவில்லை, அந்தக் கண்ணாடிதான் தெரிந்தது.

நம்பர் பற்றி நீங்கள் சொன்னது சரி என்றும் சொன்னேன். குடியுரிமை பற்றிப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, மற்ற எட்டு அத்தியாயத்தையும் தமிழில் சொல்லுங்கள், வீட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து அத்தியாயம் தமிழில் சொல்லி முடித்தேன். அவற்றில் மூன்று உண்மையிலேயே புரிகிறது. பயமாக இருக்கிறது. மனப்பாடமாக இருந்தது இப்போது கலைந்துவிட்டது, புரிந்தது இன்னும் நிலைக்கவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை ஆகிவிடக் கூடாது.

ஜூலை 23, புதன்

எட்டாவது அத்தியாயம் தொடவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். எதற்கு என்று தெரியவில்லை. மறுபடி உள்ளே தள்ளினேன்.

ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் ஆறு பேர். என்னைக் கூப்பிட்டபோது பதினொன்று நாற்பது. அதாவது அங்கே மூன்று பத்து. ராகு காலம் தாண்டிவிட்டது என்று அந்தப் பதற்றத்திலும் கணக்குப் போட்டேன். அம்மாவின் மகள்தானே நான்.

ஸ்பதாரோ அதே கேள்வியைக் கேட்டார். வேண்டுமென்றே கேட்டாரா தெரியாது. நான் பலகைக்குப் போகவில்லை. மலைமேல் கோயில், வாசலில் கூட்டம் என்று ஆரம்பித்தேன். அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார். நடுவில் நிறுத்தி, குகைக்குள் இருப்பவர்கள் எல்லாரும் ஓடி இறங்கினால் என்று கேட்டார். உச்சம் சீக்கிரம் வரும், இன்னும் உயரமாக வரும், மலையில் மரத்தை வெட்டிச் சிமெண்ட் போட்டால் அப்படித்தான் என்றேன். தலையை ஆட்டினார்.

அடுத்த கேள்வி எட்டாவது அத்தியாயம். வெள்ளம் ஆற்று வழியே நகரும்போது எப்படிக் கணக்கிடுவது என்று. பழைய வரையறையின் ஒரு துண்டு ஞாபகத்தில் இருந்தது, சொல்லியிருக்கலாம். "தெரியாது" என்றேன். இருபத்தைந்து வருடத்தில் ஒரு வாத்தியார் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னது இதுதான் முதல் தடவை. மூன்றாவது கேள்வியிலும் பாதிதான் சொன்னேன், மீதி தெரியாது என்றேன்.

அவர் பேனாவை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார். "முதல் பதில் நன்றாக இருந்தது. மற்றவை இல்லை. பத்தொன்பது. ஏற்றுக்கொள்கிறீர்களா?"

பின்னால் பத்துப் பேர் இருந்தார்கள்.

"ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து முதலில் சுகிர்தாவுக்குச் சொன்னேன். பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். தேறிவிட்டேன், பத்தொன்பது என்றேன். ஒரு மூச்சு விட்டு, பிப்ரவரியில் எடுத்தது இருபத்து நான்கு, ஜூனில் இருபத்தைந்து, முப்பது எதிலும் இல்லை, பொய் சொன்னேன் என்றேன். ஜூனில் ஒருமுறை இருபத்து மூன்று தந்தார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், யாரும் தள்ளிப் போடவில்லை என்றும் சொன்னேன்.

ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"கடையில ஆள் நிக்கறாங்க கண்ணு. அப்பறம் பேசறேன்."

வைத்துவிட்டார்.

ஜூலை 25, வெள்ளி

பேசவில்லை.

ஜூலை 28, திங்கள்

அம்மா பேசினாள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், சாப்பிடுகிறார், கடைக்குப் போகிறார் என்றாள். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அந்தத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். கிழித்துவிட்டார் என்றாள்.

திட்டியிருந்தால் தேவலாம்.

ஆகஸ்ட் 2, சனி

மூன்றாவது பாடமும் இணையதளத்தில் ஏறிவிட்டது. மொத்தம் இருபத்தொரு கிரெடிட். இரண்டாம் வருடம் படிக்கலாம். சுகிர்தாவின் அம்மா கேசரி கிண்டினார். மகளின் பதினெட்டுக்கும் இப்படித்தான் கிண்டினாராம். நான் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் போனை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் அப்பாவின் எண்ணிலிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து ஒன்றும் இல்லை. கடைக் கண்ணாடி. அதே இடத்தில் புதுத் தாள்.

"எம் மகள் ப. கோகிலவாணி, பி.இ., இத்தாலி பல்கலைக்கழகத்தில் நீர்வளப் பொறியியல் மேற்படிப்பு. மூன்று பாடங்களில் தேர்ச்சி. 24, 25, 19."

உடனே கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, கடையில் ஆள் இல்லை. என்னப்பா இது என்றேன். எழுத்து சரியாக இருக்கிறதா, நான்தான் டைப் பண்ணினேன் என்றார். சரியாக இருக்கிறது என்றேன். தாலுகா ஆபீஸில் ஒருவர் பார்த்துவிட்டு, பத்தொன்பது கம்மி இல்லீங்களா என்று கேட்டாராம். பாஸுங்க என்று சொன்னாராம் அப்பா.

கோபமா என்று கேட்டேன். இருந்தது என்றார். ஆறு மாதமாக எத்தனை பேரிடம் அந்த முப்பதைக் காட்டிப் பேசியிருப்பேன், கூச்சமாகப் போய்விட்டது என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், நான் கேட்காத ஒன்றைச் சொன்னார்.

"உன்ற ஸ்கூல்ல அன்னைக்கு, பெத்தவங்களக் கூப்பிட்டிருந்தாங்கல்ல. மைக்குல உன்ற பேரு சொல்லி எந்திரிச்சு நிக்கச் சொன்னாங்க. நூத்தித் தொண்ணூத்தொண்ணு. நான் பின்னால சேர்ல உக்காந்திருந்தேன். நீ திரும்பிப் பாத்தே. நான் கீழ குனிஞ்சுக்கிட்டேன் கண்ணு. பக்கத்துல இருக்கறவங்களுக்கு எம் மகள்னு தெரியக் கூடாதுன்னு."

எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. எனக்கு அந்தக் குனிந்த தலையின் வகிடுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரியாது அப்பா, நான் பார்க்கவில்லை என்று சொல்ல வந்தேன். இந்த வருடத்துக்குச் சொன்ன பொய் போதும் என்று தோன்றியது.

"பாத்தேன்ப்பா" என்றேன்.

"ம்" என்றார். இரண்டு பேரும் அழுதோம் என்று நினைக்கிறேன், போனில் நிச்சயமாகத் தெரியாது. பிறகு சாப்பிட்டாயா என்றார், அங்கே வெயில் எப்படி என்றார். மழைக்காலம் வருகிறது, கண்ணாடியில் தண்ணீர் தெறிக்கும், ஆனால் இந்தத் தாளுக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

ஏன் ஆகாது என்று வைத்த பிறகுதான் யோசித்தேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தாளைச் சுற்றி விரற்கடை அகலத்துக்குப் பளபளக்கிற ஒரு பிளாஸ்டிக் விளிம்பு, அதில் போனைப் பிடித்திருக்கிற அவர் கை மங்கலாகத் தெரிந்தது.

லேமினேஷன் போட்டிருக்கிறார்.